தூண்டிலில் கெளுத்தி: புதிதாகப் பிடிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு பாடம்



ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் நம் குழுக்கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "முந்திரி வேலையும் இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை, ஏரியில கெளுத்தி கிடக்குது, நாங்க தூண்டில் போட்டா என்ன?" போடலாம். பெண்கள் மீன் பிடிப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. பிச்சாவரம் பகுதியில் இருளர் பெண்கள் தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் தடவியே இறாலும் மீனும் பிடிக்கிறார்கள். வாய்க்கால் வற்றும்போது சேலையை விரித்து மீன் அள்ளாத பெண் நம் கிராமத்தில் உண்டா?

ஆனால் கெளுத்தி மற்ற மீன் போல இல்லை. அதன் உடம்பில் முள் இருக்கிறது. அதன் இனத்தில் அரசு தடை செய்த மீன் ஒன்றும் இருக்கிறது. அது கிடக்கும் இடமும் ஆழமான, கலங்கலான இடம். ஆகவே மீன் தெரிய வேண்டும், தண்ணீர் தெரிய வேண்டும். இவை இரண்டும் தெரிந்த பிறகு தூண்டில் போடக் கற்பது ஒரு வாரத்து வேலைதான்.

இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். நீளமாகத் தோன்றினால் இரண்டு கூட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. மீனைத் தெரிந்துகொள்வோம்

கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. வழவழப்பான தோல். வாயைச் சுற்றி மீசை. இந்த மீசை அழகுக்கு இல்லை. இரையின் ருசியை அந்த மீசையாலேயே அது அறிகிறது. அதனால்தான் கண் தெரியாத கலங்கல் தண்ணீரிலும், இருட்டிலும் அதற்கு இரை கிடைக்கிறது. பெரும்பாலும் தரையை ஒட்டியே மேயும். இதை மனதில் வைத்தால் தூண்டிலை எங்கே, எப்போது போட வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

நம் ஏரி, ஆறுகளில் அகப்படும் வகைகள் முக்கியமாக நான்கு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆகவே பெயரை விட்டு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கெளுத்தி: சாண் அளவுக்குள் இருப்பதே அதிகம். ஆற்றில் பெரிய வகைகளும் உண்டு. நான்கு சோடி மீசை. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள், மொத்தம் மூன்று. முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வாலுக்கு முன்பாக, சதைபோல ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். கையில் எடுத்தால் 'கர்ர், கர்ர்' என்று சத்தம் போடும். பக்க முள்ளை அதன் குழியில் உரசி எழுப்பும் சத்தம் அது.

தேளி: கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம், நீளமான உடம்பு, தட்டைத் தலை. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. பக்க முள் இரண்டிலும் விஷம் உண்டு. தேள் கொட்டினதுபோலக் கடுக்கும். பெயரே எச்சரிக்கைதான்.

மாகூர்: மீன்வளத் துறையினர் சொல்லும் பெயர் இது. நம் ஊரில் இதையும் பலர் தேளி என்றே சொல்கிறார்கள். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை நீண்டிருந்தால் அது மாகூர். தேளியும் மாகூரும் வாயால் காற்றை விழுங்கி மூச்சுவிடக் கூடியவை. அதனால் சேற்றிலும், ஈரப் பானையிலும் வெகுநேரம் உயிரோடு இருக்கும். வங்காளத்தில் நோய் தேறியவர்களுக்கு இந்த இரண்டு மீனையும்தான் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். பீகாருக்கு மாகூர் மாநில மீன்.

வாளை: ஆற்று வாளை. பெரிய வாய், கூரான பல், வயிற்றின் கீழே நீண்ட துடுப்பு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். இது கண்டிப்பாகக் கடிக்கும். வாய்க்குள் விரல் விடக்கூடாது. இந்த மீன் எங்கும் குறைந்து வருகிறது. சின்ன வாளை அகப்பட்டால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகப் பேசுவோம், ஏனென்றால் அதில் நம் குழுவின் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

2. தண்ணீர் யாருடையது?

"ஏரி பொதுச் சொத்துதானே?" என்று கேட்பீர்கள். ஏரி பொதுவானது, மீன்பிடி உரிமை வேறு. 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. முன்பு பொதுப்பணித் துறை என்று சொன்னது இதைத்தான். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகை எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அங்கே நாம் கேட்காமல் தூண்டில் போட்டால் அவருக்கு நஷ்டம், நமக்கு வம்பு.

முதலில் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். குத்தகை இருந்தால் குத்தகைதாரரிடம் போய், "அண்ணே, கெளுத்தி மட்டும் தூண்டிலில் பிடிச்சுக்கிறோம்" என்று பேசுங்கள். கட்லா, ரோகு வளர்ப்பவர்கள் குஞ்சைத் தின்னும் வாளையையும் கெளுத்தியையும் எடுக்கச் சம்மதிப்பதும் உண்டு. சம்மதித்தால் நான்கு பேர் முன்னிலையில் சம்மதிக்க வையுங்கள். மறுத்தால் வேறு தண்ணீர் பாருங்கள்.

வெடி வைப்பதும், விஷம் கலப்பதும் இந்திய மீன்பிடிச் சட்டப்படி 1897 முதலே குற்றம். விஷம் கலந்த தண்ணீரை நம் மாடும் குடிக்கும். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவர்கள் இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். மீனோடு மனிதரும் செத்துப்போவார்கள்.

3. தேவையான சாமான்

ஆரம்பத்தில் உள்கடன் எடுத்துச் சாமான் வாங்க வேண்டாம். சந்தையிலோ, மீன் வலைக் கடையிலோ கிடைப்பது போதும்.

மூங்கில் கழி ஒன்று, நம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. தங்கூஸ் நரம்பு, கையால் இழுத்தால் அறாத கனம். தூண்டில் முள், சின்ன கெளுத்திக்கு வளைவு நம் சுண்டுவிரல் நக அகலம் இருந்தால் சரி. சின்ன ஈயக்குண்டு. தக்கைக்கு ஒரு துண்டு நெட்டி. கட்டிங் பிளேயர் ஒன்று, இதை மறக்கவே கூடாது. பழைய கனமான துணி அல்லது சாக்கு. மூடியுள்ள பானை அல்லது வாளி.

முள் கட்டும் முறை: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்று சுற்றி, நுனியைக் கண்ணை ஒட்டிய முதல் வளையத்தில் நுழைத்து, எச்சில் தொட்டு மெல்ல இறுக்குங்கள். எச்சில் தொடாமல் வேகமாக இழுத்தால் நரம்பு சூடாகி அந்த இடத்திலேயே பலம் குறையும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஈயக்குண்டு. இரை தரையில் கிடக்க வேண்டும் என்பதற்காகவே ஈயம். தக்கையைத் தண்ணீர் ஆழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக் கட்டினால் இரை தரையில் படியும்.

4. இரை

கெளுத்திக்கு வாசனை முக்கியம். மண்புழு எல்லாவற்றிலும் நல்லது. மாட்டுக்கொட்டகைப் பின்புறம், குழாயடி ஈரமண்ணில் தோண்டினால் கிடைக்கும். உங்கள் குழு மண்புழு உரத் தொட்டி வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். கோழிக்கடைக் குடல், சின்ன இறால், சின்ன மீன் துண்டு இவையும் ஆகும். மைதா உருண்டைக்குக் கெளுத்தியை விட வேறு மீன்களே அதிகம் வரும்.

புழுவை முள்ளில் மாலை கோப்பதுபோலக் கோத்து, நுனி கொஞ்சம் நெளியும்படி விடுங்கள். முள் நுனியை முழுவதும் புதைக்காதீர்கள். மீதி இரையைத் தண்ணீரிலோ கரையிலோ கொட்டி வராதீர்கள். அந்தத் தண்ணீரைத்தான் நாளை யாரோ புழங்கப் போகிறார்கள்.

5. எங்கே, எப்போது?

நேரம்: பகலில் கெளுத்தி வேருக்கும் பாறைக்கும் அடியில் ஒளிந்திருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வெளியே வரும். விடியற்காலையும் நல்ல நேரம். மேகமூட்டமான நாளில் பகலிலும் கடிக்கும். ராத்திரியில் அதிகமாகவே கிடைக்கும், ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் இருட்டும் முன் கரையேறிவிட வேண்டும் என்பது நம் விதி.

ஏரியில்: கரையோரம் அடர்ந்திருக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் ஓரம், ஆகாயத்தாமரை விளிம்பு, வரத்து வாய்க்கால் ஏரியில் கலக்கும் இடம். புதருக்குள் போடாதீர்கள், முள் சிக்கும். புதருக்கு இரண்டு முழம் தள்ளிப் போடுங்கள். மீன் தானே வெளியே வரும்.

ஆற்றில்: நம் மணிமுத்தாறு மழைக்காலத்தில் ஓடி, கோடையில் மடுக்களாக நிற்கும் ஆறு. கூடலையாற்றூர்ப் பக்கம் வெள்ளாற்றோடு கலக்கிறது. தண்ணீர் ஓடும்போது கெளுத்தி இழுப்பான இடத்தில் நிற்காது. ஆறு வளையும் இடத்தில், வேகம் குறைந்து சுழலும் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் குறைந்த பிறகு ஆழமான மடுவில் சேர்ந்துகொள்ளும்.

மாதம்: வடகிழக்குப் பருவமழையில் புதுத்தண்ணீர் வரும்போது மீன்கள் முட்டையிட எதிர்நீரில் ஏறும். ஏத்துமீன் என்று நாம் சொல்வது இதைத்தான். அப்போது வாய்க்காலை மறித்து அள்ளினால் கூடை நிறையும், உண்மைதான். ஆனால் வயிறு உப்பிய சினைமீன் ஒன்றை விட்டால் அடுத்த வருஷம் ஏரியில் எத்தனை குஞ்சு என்று எண்ணிப் பாருங்கள். விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பவர் யாரும் இல்லை. ஏத்துமீன் காலத்தில் கொஞ்சம் பொறுத்து, தண்ணீர் தெளிந்த தை, மாசியில் பிடிப்பதே நல்லது.

6. போடுவதும் இழுப்பதும்

தூண்டிலைப் போட்டதும் நரம்பைத் தொய்வில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கெளுத்தி முதலில் மீசையால் தொட்டுப் பார்க்கும். தக்கை லேசாக ஆடும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை ஒரே பக்கமாக நகர்ந்தோ, முழுசாக அமுங்கியோ போகும்போது, கழியைச் சடாரென்று வெட்டாமல், உறுதியாகத் தூக்குங்கள். கெளுத்தியின் வாய் தடிப்பானது, சின்ன மீனானால் நேராகத் தூக்கிக் கரையில் போடலாம். பெரிய மீனானால் தூக்காதீர்கள், கழி ஒடியும். கழியைச் சாய்த்து, மீனைக் கரையோரமாக இழுத்து நடந்து வாருங்கள். அது களைத்த பிறகு கரையேற்றுங்கள்.

கால் மணி நேரம் கடி இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். கெளுத்தி இருந்தால் பெரும்பாலும் சீக்கிரமே இரையைக் கண்டுபிடித்துவிடும்.

7. முள்: கட்டாயம் வாசிக்க வேண்டிய பகுதி

புதிதாகப் பிடிப்பவர்களுக்கு அடிபடுவது மீன் கரையேறிய பிறகுதான். துள்ளும் மீனைப் பாய்ந்து பிடிக்கிறோம், முள் உள்ளங்கையில் ஏறிவிடுகிறது. முள்ளின் ஓரம் ரம்பம்போல இருப்பதால் ஏறுவது சுலபம், எடுப்பது கஷ்டம்.

செய்ய வேண்டியது: நரம்பை மிதித்து மீனை அசையாமல் வைத்து, ஈரச்சாக்கை மேலே போட்டு அமுக்குங்கள். பிறகு தலைக்குப் பின்னால், இரண்டு பக்க முள்ளுக்கும் பின்புறமாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வரும்படி பிடியுங்கள். பிளேயரால் மூன்று முள்ளின் நுனியையும் முதலில் ஒடித்துவிட்டு, அதன் பின் தூண்டில் முள்ளை எடுங்கள். ஒடித்த முள்ளைக் கரையில் போடாதீர்கள். செருப்பில்லாமல் குழந்தைகள் வரும் இடம் அது.

முள் குத்திவிட்டால்:

முதலில் சுத்தமான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முள் துண்டு தெரிந்தால் மெதுவாக எடுங்கள்.

அடுத்து, பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் குத்திய இடத்தை முக்கி வையுங்கள். சுமார் 45 டிகிரி சூடு, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். இந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும், அதனால் வலி குறையும். சூட்டை எப்போதும் அடிபடாத கையால் பார்க்க வேண்டும். மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டி, தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால், வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், மூச்சு முட்டினால் அன்றே போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள்.

செய்யக் கூடாதது: வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு, புகையிலை, சாணி வைப்பது. ஒரு குழுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் தன் விரலைக் காட்டினார். தேளி கொட்டிய இடத்தில் புகையிலையை வைத்துக் கட்டி, நான்காம் நாள் சீழ் பிடித்து, பத்து நாள் முந்திரி உடைக்கப் போக முடியவில்லை. மீன் விற்ற காசைப்போல பல மடங்கு கூலி போயிற்று என்று அவரே கணக்குச் சொன்னார்.

8. தண்ணீரில் உயிர் முக்கியம்

தனியாகப் போகக் கூடாது. இரண்டு பேராவது போங்கள். எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நீண்ட கயிறு ஒன்று கையில் இருக்கட்டும். யாராவது வழுக்கி விழுந்தால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிற்றை, கழியை, சேலையை வீசி இழுக்க வேண்டும்.

ஆற்றில் மணல் எடுத்த பள்ளம் மேலிருந்து தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் ஆழம் இருக்கும். தண்ணீருக்குள் இறங்கிப் பிடிக்காதீர்கள். கரையில் நின்றே பிடியுங்கள். திறந்திருக்கும் மதகுக்கும், தண்ணீர் வழியும் கலங்கலுக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள். இடி மின்னல் வந்தால் கழியைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள்.

இன்னொன்று முதலை. விருத்தாசலம் பக்கத்து உறுப்பினர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் நம்மில் பலருக்குப் பிறந்த வீடும், பெண் கொடுத்த வீடும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம்தான். விருந்துக்குப் போன இடத்தில் தூண்டில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். சிதம்பரத்தை ஒட்டிய பழைய கொள்ளிடம் ஆற்றிலும், அதைச் சேர்ந்த வாய்க்கால்களிலும் சதுப்பு முதலைகள் வாழ்கின்றன. வேளக்குடி, பழையநல்லூர் போன்ற ஊர்களில் துணி துவைக்க, குளிக்க இறங்கியவர்களை முதலை கடித்ததும், இழுத்துச் சென்றதும் உண்டு. ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகிறார்கள். கெளுத்தி கடிக்கும் அந்திப்பொழுதுதான் முதலை இரை தேடும் நேரமும். மீன்குடல் வாசனையோடு தண்ணீர் விளிம்பில் குந்தி உட்காருவது அங்கே உயிருக்கு ஆபத்து. அந்த ஆற்றில் தூண்டில் போட வேண்டாம். வீராணம் ஏரிக்கும், வடவாற்றுக்கும் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

9. ஆப்பிரிக்கக் கெளுத்தி: பிடிபட்டாலும், விற்க வந்தாலும்

1990-களில் அரசு அனுமதி இல்லாமல் வங்கதேசம் வழியாக நம் நாட்டுக்குள் வந்த மீன் இது. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு இதை வளர்க்கத் தடை விதித்தது. மாவட்ட ஆட்சியர்களும் மீன்வளத் துறையும் இன்றுவரை இதைப் பற்றி அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஏன்?

இது சின்ன மீன், மீன் முட்டை, தவளை என்று எதையும் தின்னும். காற்றை விழுங்கி மூச்சுவிடும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும். ஒரு பண்ணைக்குட்டையில் விட்டாலும் மழை வெள்ளத்தில் வெளியேறி ஏரிக்கும் ஆற்றுக்கும் வந்துவிடும். வந்தபின் நம் நாட்டுக் கெளுத்தி, குரவை, விரால் குஞ்சு எதுவும் மிஞ்சாது. இறைச்சிக் கழிவையும், கோழிக் கழிவையும் போட்டு இதை வளர்ப்பதால் சுற்றுப்புறத் தண்ணீரும் நாறிக் கெடும்.

அடையாளம்: உடம்பு நாட்டு மாகூர் போலவே இருக்கும், முதுகுத் துடுப்பும் நீளம்தான். ஆனால் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்புப் படலம், வெள்ளை வயிறு, பெரிய தட்டைத் தலை. முக்கியமான அடையாளம் அளவு. நாட்டு மாகூர் அரைக் கிலோவைத் தாண்டுவதே அரிது. இது ஒரே வருஷத்தில் ஒரு கிலோவுக்கு மேல் வளரும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட 'மாகூர்' என்று யாராவது காட்டினால் சந்தேகப்படுங்கள். குஞ்சாக இருக்கும்போது பார்த்துச் சொல்வது கடினம். வியாபாரிக்கு அதுவே வசதி.

தூண்டிலில் அகப்பட்டால் உயிரோடு திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். வீட்டுக் கிணற்றிலோ குட்டையிலோ போட்டு வளர்க்காதீர்கள். விற்க வேண்டாம். அடித்துக் கொன்றுவிட்டு, எந்த ஏரியில் கிடைத்தது என்று மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள்.

இனி நம் பணத்துக்கு வருவோம். தூண்டிலில் நாலு மீன் கண்ட பிறகு, "குட்டை வெட்டிக் கெளுத்தியே வளர்த்தால் என்ன?" என்ற ஆசை வரும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். "ஆறே மாசம், தீனிச் செலவே இல்லை, கோழிக்கடைக் கழிவு போதும், குஞ்சு நாங்க தர்றோம், மீனையும் நாங்களே எடுத்துக்கறோம்" என்பார். இப்படிப் பேசினால் அது எந்த மீன் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வங்கியில் வாங்கும் கடன் அது. அதிகாரிகள் வந்து மீனை அழிக்கச் சொன்னால் மீன் போகும், கடன் நிற்கும். தடை செய்த மீனுக்கு இழப்பீடு கேட்டு எந்த அலுவலகத்துக்கும் போக முடியாது. வியாபாரி அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

ஆகவே வளர்ப்புக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மீனின் முழுப்பெயரை ரசீதில் எழுதித் தருவீர்களா? குஞ்சுப் பண்ணைக்கு அரசுப் பதிவு இருக்கிறதா? மீன்வளத் துறை அலுவலரிடம் குஞ்சைக் காட்டலாமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் தீர்மானம் போடாதீர்கள்.

முறையாக வளர்க்க விரும்பும் குழுக்களுக்கு வழி இருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன்குட்டை போன்ற பணிகளுக்குப் பெண்களுக்கு 60 விழுக்காடு வரை மானியம் வைத்தார்கள். இந்த ஆண்டு எந்தத் திட்டம் திறந்திருக்கிறது, எந்த மீனுக்கு அனுமதி என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

10. பிடித்த மீனைக் காசாக்குவது

தேளியும் மாகூரும் உயிரோடு இருந்தால்தான் விலை. அகன்ற வாயுள்ள மண்பானையில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் போடுங்கள். மூடியைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஏறிப்போய்விடும். சாதாரண கெளுத்தி அவ்வளவு நேரம் தாங்காது. அதற்கு மீன் எடைக்குச் சம எடை ஐஸ் போட்டு அடுக்க வேண்டும். ஐஸ் இல்லையென்றால் ஊருக்குள்ளேயே அன்று மாலையே விற்றுவிடுங்கள். கெட்டுப்போன மீனை ஒரு முறை விற்றால், அடுத்த முறை நம் கூடையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் சமைப்பதற்கு முன், முள்ளை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, கல்லுப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போகும். பிறகு மஞ்சள் போட்டு இரண்டு முறை கழுவுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தேதி, இடம், பிடித்த எடை, வீட்டுக்கு எடுத்தது, விற்ற காசு. வீட்டுக்கு எடுத்த மீனும் வருமானம்தான், அதைக் கணக்கில் விடாதீர்கள். முப்பது நாள் இப்படி எழுதிய பிறகு, இது நமக்குக் குழம்புக்கு ஆகும் வேலையா, கைச்செலவுக்கு ஆகும் வேலையா, தொழிலாகவே செய்யலாமா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு கடன் பற்றிப் பேசுவோம்.

நினைவில் கொள்க

• கேட்காத தண்ணீரில் தூண்டில் போடாதே.
• முள்ளை ஒடிக்காமல் மீனைக் கையில் எடுக்காதே.
• தனியாகப் போகாதே, இருட்டும் முன் திரும்பு.
• முள் குத்தினால் வெந்நீர், பிறகு மருத்துவமனை.
• சினைமீனையும் சின்ன வாளையையும் விட்டுவிடு.
• ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தண்ணீரில் விடாதே, வளர்க்காதே, விற்காதே.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் ஊர் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது? இந்த ஆண்டு மீன்பிடிக் குத்தகை யாரிடம்? விசாரித்து வர இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுங்கள்.
2. நம் ஊரில் கிடைக்கும் கெளுத்தி வகைகளுக்கு என்னென்ன பெயர் சொல்கிறோம்? மூத்த உறுப்பினர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் காலத்தில் இருந்து இப்போது காணாமல்போன மீன் எது?
3. யாருக்காவது முள் குத்திய அனுபவம் உண்டா? அப்போது என்ன செய்தோம், இனி என்ன செய்வோம்?
4. உங்கள் ஊருக்கு மீன்குஞ்சு விற்க யாராவது வந்தார்களா? என்ன மீன் என்று சொன்னார்கள்?

நான்காம் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்த குழுக்கள், பணம் கட்டும் முன் தீர்மான நோட்டோடு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நாம் சேர்ந்தே போய்க் கேட்போம்.